கோயில்மேட்டில் கறமுறா மாற்றிய கியர்

மலாயாவின் நெகிரி செம்பிலான் முழுக்கச் சல்லடை போட்டாலும், கியர்பெட்டியிடம் மன்னிப்புக் கேட்கிற இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். எங்கள் எஸ்டேட் லோரி டிரைவர் கேட்பார். அதுவும் நடுரோட்டில் லோரியை நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்பார்.

"தாயே, கை தவறிப்போச்சு. மனசுல வச்சுக்காத."

பின்னால் மாட்டுவண்டிக்காரன் கத்துவான். மன்னிப்பு முடியாமல் லோரி நகராது.

பெற்றவர்கள் அவருக்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். லிங்கி பக்கத்திலிருந்த எங்கள் எஸ்டேட்டில் அவர் கறமுறா. கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய லோரி அப்படித்தான் கத்தும். லோரிக்கு வைத்த பெயர் எப்படியோ டிரைவருக்கு ஒட்டிக்கொண்டது.

அது ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தார். எங்களுக்கு அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. லோரிக்குக் கியர் எண்ணெய் போய்ச் செம்பனை எண்ணெய் வந்தது. கிழங்கு தின்று நாங்கள் எப்படி இருந்தோமோ, லோரியும் அப்படியே இருந்தது. கறமுறா அண்ணன் மரத்தூளைச் சலித்துக் கியர்பெட்டிக்குள் போட்டுப் பார்த்தார். ஒரு வாரம் சத்தம் கொஞ்சம் அடங்கியது. பிறகு, பல் போன கிழவர் முறுக்குத் தின்பதுபோல மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அவர் லோரியில் ஏறுகிறவர்களுக்குச் சட்டம் உண்டு. கியர் மாற்றும்போது யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது, கொட்டாவிகூட விடக்கூடாது.

"கிராணியாரே, தும்மல் வந்தா இப்பவே தும்மிடுங்க. மேடு வருது."

நான் அப்போது எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவன். ஜப்பான் பாஷை வகுப்பில் கட்டாயப்படுத்தி உட்காரவைத்ததில் கொஞ்சம் வார்த்தைகள் தெரியும். அந்தக் கொஞ்சமே எனக்கு எமனாக வந்தது. துரை பங்களாவில் குடிவந்த ஜப்பான் அதிகாரி எங்கு போனாலும் என்னையும் லோரியில் ஏற்றிவிடுவான். அதிகாரி ஒரு பக்கம், கறமுறா ஒரு பக்கம், நடுவில் நான். கியர்க்கம்பி என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். ஒவ்வொரு மேட்டிலும் என் முட்டியில் ஓர் இடி விழும்.

அதிகாரி போனது ஆள் பிடிக்க. பிடித்த ஆட்களை ரெம்பாவ் ஸ்டேஷனில் ரயிலேற்றி, சயாமில் தண்டவாளம் போட அனுப்பினார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அதன்பிறகு, கூலிக்காரர்கள் வரிசைவீடுகளில் குடியிருந்த லயத்தில், ஜனங்களின் காது கூர்மையாகிவிட்டது. எஞ்சின் சத்தம் ரோட்டில் போகிற எந்த லோரிக்கும் உண்டு. கறமுறாச் சத்தம் எங்கள் லோரிக்கு மட்டும். கோயில்மேட்டில் அது கேட்டதும், கீழே லயத்திலிருந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் ரப்பர் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். யாரும் பேசிவைத்துக்கொண்டதில்லை.

ஆட்கள் மறைவதன் காரணம் அதிகாரிக்குப் புரியவில்லை, சத்தம் மட்டும் பிடிக்கவில்லை. சிரம்பானிலிருந்து ஒரு ஜப்பான் மெக்கானிக்கை வரவழைத்தான். அவன் இரண்டு நாள் லோரிக்கு அடியில் படுத்திருந்தான். ஏதோ பல்சக்கரத்தை மாற்றி, தகர டின்னிலிருந்து கறுப்பாக அசல் எண்ணெய் ஊற்றினான்.

அன்று மாலை கறமுறா அண்ணன் லோரியை ஆபீஸ் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினார். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான அப்பன் மாதிரி!

"கேட்டீங்களா கிராணியாரே?"

"ஒண்ணும் கேக்கலையே அண்ணே."

"அதான் லா!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்களுக்குக் கேட்காவிட்டால் லயத்துக்கும் கேட்காது.

மறுநாள் விடிந்ததும் அதிகாரி கீழ்லயத்துக்குப் புறப்பட்டான். பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள். நான் வழக்கம்போல நடுவில். கறமுறா தும்மல் பற்றிக்கூடச் சொல்லவில்லை.

கோயில்மேடு வந்தது. கியரைக் குறைக்கவேண்டிய இடம். அவர் காலைப் பார்த்தேன். கிளட்சை அரைகுறையாகத்தான் மிதித்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை இழுத்தார்.

கற்ற்ற்ற்ற்ற்!

கோயில் மரத்துக் காக்கைகள் அத்தனையும் எழும்பின. செத்த பல்சக்கரமெல்லாம் உயிர்த்தெழுந்து அழுததுபோல இருந்தது. போதாதென்று இன்னொரு தடவை இழுத்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பிக் கத்தினான். என்னவென்று கேட்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

"சொல்லுங்க கிராணியாரே," என்றார் கறமுறா, ரோட்டைப் பார்த்தபடி. "புது எண்ணெய் லோரிக்கு இன்னும் பழகலைன்னு சொல்லுங்க."

இதற்கு ஜப்பான் பாஷையில் என்ன வார்த்தை? தெரிந்த வார்த்தைகளைத் திரட்டி ஒருவழியாகச் சொன்னேன்: "ஜப்பான் எண்ணெய் மிக நன்று. ஆங்கிலேய லோரி மிகக் கெட்டது." அதிகாரி யோசித்தான். பிறகு, ரொம்பச் சரி என்று தலையாட்டினான்.

லயத்தில் போய் நின்றால் அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது, ஆண்பிள்ளை ஒருவன் இல்லை. பெண்களும் குழந்தைகளும், காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கிழவரும், கோழிகளும்தான். அதிகாரி வீடுவீடாகக் கதவை உதைத்தான். திரும்பி வந்து, காரணம் கேட்காமல் கறமுறாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவர் வாயோரம் ரத்தம் வந்தது. அதிகாரி என்னிடம் சொன்னதை நான் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை. "சயாம்" என்ற சொல் எல்லோருக்கும் புரியும். வேறு ஆள் கிடைக்காததால் இவரையே ரயிலேற்றப் போகிறான்.

அவரைப் பின்னால் ஏற்றினார்கள். ஒரு சிப்பாய் டிரைவர் இருக்கையில் குதித்து உட்கார்ந்தான்.

அந்தப் பையன் அதற்குமுன் என்ன ஓட்டினானோ! மேட்டில் பாதி ஏறியதும் கம்பியைப் பிடித்து ஆட்டினான். லோரி ஓலமிட்டது. கியர் விழவில்லை. எஞ்சின் அணைந்தது. பிரேக் பிடிக்காமல் லோரி மெதுவாகப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. இடப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற ஆழமான காண். நான் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயோ பாவி! கிளட்ச்ச மிதிடா! அதக் கொல்லாதடா!"

துப்பாக்கிக்காரர்கள் மலைத்து நிற்க, கறமுறா கீழே குதித்து, பெரிய கல் ஒன்றைப் புரட்டிச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். லோரி காணுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அதிகாரியின் முகம் வெளுத்திருந்தது. சிப்பாயை இறங்கச் சொன்னான். கறமுறாவை மறுபடி உட்காரச் சொல்லிக் கை காட்டினான்.

அவர் உட்கார்ந்தார். லோரியைத் தட்டிக்கொடுத்தார். மேடு ஏறி முடித்ததும் கியரை மாற்றினார். ஒரு சத்தமில்லை. பழக்கத்தில் கை அப்படிப் போய்விட்டது.

அதிகாரி மெல்லத் திரும்பி அவர் கையைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான்.

இவனுக்கு ஒழுங்காக மாற்றத் தெரியும், வேண்டுமென்றே கத்தவைத்திருக்கிறான் என்று புரிந்தால் சயாம்கூட இல்லை, அங்கேயே வெட்டு. என் முழங்காலால் கறமுறாவின் கையை இடித்தேன்.

அடுத்த கியர்: கற்ற்ற்ற்ற்ற்!

அதற்கடுத்ததும் அப்படியே. பங்களாவரை ஒவ்வொரு கியரையும் அரைத்துக்கொண்டே வந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அறை வலிக்கிறது என்று அதிகாரி நினைத்திருப்பான். எரிச்சலோடு காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனான். இந்த ஓட்டை லோரியை இந்த ஒருவனைத் தவிர யாரும் ஓட்டமுடியாது என்று கண்டுகொண்டதாலோ என்னவோ, சயாம் பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை.

நான் இறங்கவில்லை. கால்கள் இரண்டும் என்னுடையவையாக இல்லை. கறமுறா அண்ணன் என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கி, குவார்ட்டர்ஸில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார். வீங்கிய கன்னத்தோடு எனக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

"பயந்துட்டீங்களா கிராணியாரே?"

"நீங்க பயப்படலையா அண்ணே?"

"நீங்க மொழிபெயர்க்கிறதக் கேட்டப்போதான் பயமா இருந்துச்சு."

யுத்தம் முடிந்து, எஸ்டேட் கோயிலில் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஊரிலிருந்து என் பக்கத்து ஆள் ஒருவரும் வரமுடியவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாருப்பா?" என்று பூசாரி கேட்டார். கூட்டத்துக்குப் பின்னால், துவைத்த சட்டையில், நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு கறமுறா அண்ணன் கூச்சமாக நின்றிருந்தார். நான் மணவறையை விட்டு எழுந்து போய், அந்தக் கையைப் பிடித்து அழைத்துவந்து என் பக்கத்தில் நிறுத்தினேன்.