மருதாணி பூத்தால் நத்தம் பஸ்

சனாவுல்லா ராவுத்தருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். பெண்டாட்டி எதைச் சொல்கிறாளோ அதற்கு நேர் எதிராகச் செய்வது. கல்யாணமான மறுவாரமே எடுத்த தீர்மானம் அது. அவருடைய அத்தா பெண்டாட்டி பேச்சைக் கேட்டே கடையைத் தொலைத்தார் என்று பேகம்பூரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேரைத் துடைக்கக் கிளம்பியவர் மகன். குர்ஷித் பேகம் குடை எடுத்துப் போகச் சொன்னால் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வருவார். சளி பிடிக்கும். பிடித்துவிட்டுப் போகட்டும், ஆம்பிளைச் சளி. வெறும் வயிற்றில் காப்பி வேண்டாம் என்றால் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவார்.

வேலை தோல் ஷாப்பில். ஆட்டுத்தோல் பதனிடும் இடத்தில் மேஸ்திரி. அங்கே அத்தனை ஆட்களும் அவர் சொன்னதைக் கேட்பார்கள். வீட்டில் ஒருத்தி சொன்னதை அவர் கேட்கமாட்டார். இரண்டும் சேர்ந்தால்தானே தாடிக்கு மரியாதை.

நயா பைசா வந்து ஊரே கணக்குக் குழம்பிக்கொண்டிருந்த சமயம். தை மாதம் நத்தத்திலிருந்து சேதி வந்தது. குர்ஷித்தின் தங்கச்சி ஷரீஃபாவுக்கு மாம்பழ சீசனில், ஆனிக் கடைசியில் கல்யாணம்.

"அம்மா ஒரு மாசம் முன்னாடியே வரச் சொல்லுது. போயிட்டு வரவாங்க?"

"ஒரு மாசமா? இங்க சோறு யாரு பொங்குறது?"

"கிளப்புக்கடை இருக்குல்ல."

கிளப்புக்கடை என்ற சொல்லைக் கேட்டதுமே ராவுத்தருக்கு நெஞ்சு எரிந்தது. குர்ஷித்தின் எலும்புக் குழம்புக்கும் கத்தரிக்காய் வெஞ்சனத்துக்கும் அடிமைப்பட்ட நாக்கு அது. கொள்கை கிள்கை எல்லாம் வெளிவேஷம். அவள் இல்லாத ஒரு மாதம் அவருக்கு, கஞ்சி இல்லாமல் நோன்பு திறக்கிற மாதம்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மைதீன் பிச்சை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். மனுஷனுக்கு அடுத்த வீட்டுச் சண்டை என்றால் சுண்ணாம்பு மறந்துபோகும். அவர் முன்னால் 'போகாதே' என்றால், பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்கு அனுப்பாத பாவி என்று விடிவதற்குள் தெருவெல்லாம் சொல்லிவிடுவார். 'போ' என்றாலோ பெண்டாட்டி பேச்சைக் கேட்டதாக ஆகிவிடும்.

ராவுத்தர் முற்றத்தில் கண்ணை ஓட்டினார். மூலையில் ஒரு மண்தொட்டி. குர்ஷித் அத்தா வீட்டிலிருந்து பதியன் கொண்டுவந்து வைத்த மருதாணி அதில் நின்றது. இலை தழைத்து நிற்குமே தவிர, ஒரு பூ பூத்து யாரும் பார்த்ததில்லை.

"அந்த மருதாணி பூக்கட்டும். பூத்த அன்னைக்கே நத்தம் பஸ்ஸுல நானே ஏத்தி விடுறேன். பிச்சை அண்ணே, நீங்கதான் சாட்சி."

"பூக்கலைன்னா?" என்றாள் குர்ஷித்.

"கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பேருமாப் போவோம். பிரியாணி தின்னுட்டு ரெண்டு பேருமா வருவோம்."

குர்ஷித் முகம் சுண்டிப்போனது. ராவுத்தருக்கோ தன்னுடைய புத்தியை மெச்சித் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுக்கக் கை எட்டவில்லை.

மறுநாள் குர்ஷித் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, என்னால குனிய முடியலை. செடிக்கு நீங்கதான் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தணும். மருதாணி காஞ்சிச்சுன்னா பூக்கவே பூக்காது."

காய்ந்தால் பூக்காதா? ராவுத்தர் அன்றிலிருந்து காலையும் மாலையும் செம்பு நிறையத் தண்ணீரோடு தொட்டிக்குப் போனார். அவ்வளவும் சாக்கடைக்குப் போனது. மாசியில் இலை பழுத்தது. பங்குனியில் ஒன்று விடாமல் கொட்டி, செடி மொட்டைக் குச்சியாக நின்றது.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"செம்பைக் கேட்டுப் பாரு."

குர்ஷித் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "குச்சியாச்சும் இருக்கே. இதுல மட்டும் கத்தி பட்டுறக் கூடாதுங்க. நுனிய வெட்டினா அம்புட்டுத்தேன்."

இது ராவுத்தருக்குத் தோன்றாத யோசனை. மறுநாள் தோல் சீவுகிற கத்தியைக் கொண்டுவந்து, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, செடியைப் பாதிக்குப் பாதி வெட்டிவிட்டார்.

"என்னங்க இது?"

"ஆடு கடிச்சிருச்சு."

"வீட்டுக்குள்ள ஏதுங்க ஆடு?"

"அதான் கடிச்சிட்டுப் போயிருச்சே. இப்பப் போயித் தேடுனா?"

அவள் வெட்டுப்பட்ட குச்சியைத் தடவிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சரி, வேராவது தப்பிக்கட்டும். உங்க ஷாப்புல தோல்ல இருந்து செரைச்சுப் போடுற ஆட்டு ரோமம் இருக்குல்ல, அது மண்ணுல விழுந்தா வேர் பொசுங்கிருமாம். அத்தா சொல்லும்."

சனாவுல்லா ராவுத்தர் அன்று தூக்கத்தில்கூடச் சிரித்தார். எதிராளியே ஆயுதத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்? மறுநாள் சாயங்காலம் ஒரு சாக்கு ரோமம் வந்து சேர்ந்தது. நாற்றம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. மைதீன் பிச்சை கயிற்றுக் கட்டிலை வாசலிலிருந்து வீட்டுக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டு, "என்ன தம்பி வாடை?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். "எலி செத்துக் கெடக்கும்ணே" என்றார் ராவுத்தர், தொட்டி மண்ணைக் கிளறி ரோமத்தைப் புதைத்துக்கொண்டே.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் சிறுமலைப் பக்கம் மேகம் கறுத்தது.

"ஏங்க, தொட்டியைத் தாழ்வாரத்துக்குள்ள இழுத்துப் போடுங்க. இம்புட்டு நாள் காஞ்ச செடி, மழை பட்டா மிச்ச உசுரும் போயிரும்."

ராவுத்தர் தொட்டியை இழுத்தார். தாழ்வாரத்துக்கு அல்ல, முற்றத்துக்கு நட்டநடுவில். முதுகு பிடித்துக்கொண்டது. வெற்றி என்றால் நாலு காயம் படத்தான் செய்யும். கொட்டித் தீர்த்த கோடை மழையைக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி பார்த்தார். செத்த நேரத்தில் குறட்டை விட்டார்.

குச்சியில் துளிர் வந்தபோது அவர் அசரவில்லை. இலைதானே. துளிர் கிளையானபோதும் அசரவில்லை. கிளை நுனியில் கடுகு கடுகாக ஏதோ கட்டியபோது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வைகாசி முடிகிற சமயம், ஒருநாள் விடியற்காலை தொழுதுவிட்டு வந்தவரை வாசலிலேயே வாசம் மறித்தது. முற்றத்தில் மருதாணி கொத்துக் கொத்தாக, கிளை தாங்காமல் பூத்துக் கிடந்தது. மைதீன் பிச்சை ஏற்கெனவே உள்ளே வந்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, அத்தர் கடை வச்சிருக்கியா? நான் சாட்சி, ஞாபகம் இருக்குல்ல?"

குர்ஷித் டிரங்குப் பெட்டியை நடைக்குத் தூக்கி வந்தாள்.

"அதுக்குள்ள பொட்டி அடுக்கியாச்சா? எப்ப அடுக்குன?"

"ஆடு கடிச்ச அன்னைக்கே."

ராவுத்தர் ஒரு பூங்கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "எப்புடி பூத்துச்சு? நீ சொன்ன ஒண்ணைக்கூட நான் செய்யலையே." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியாதாங்க? எங்க அத்தா வீட்டு வேலியே மருதாணிதான். நல்லாக் காயப் போடணும். இலை உதிர்ந்ததும் வெட்டி விடணும். ரோமத்தைப் புதைச்சு, மொத மழையில நனைய விடணும். ஓயாம தண்ணி ஊத்துனா இலைதான் வரும்."

"அதை நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நேராச் சொன்னா செஞ்சிருப்பீங்களா?"

மைதீன் பிச்சை இருமுவதுபோல் சிரித்தார். ராவுத்தர் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். வாக்கு வாக்குதான்.

பஸ் புறப்படுகிற நேரம் குர்ஷித் ஜன்னலில் தலை நீட்டினாள். அவள் கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

"வேளைக்குச் சாப்பிடுங்க. அப்புறம் ஒரு விஷயங்க. அடுப்படிக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லி வச்சிருக்கேன், நான் வந்த பிறகு வருவான். ஷாப்புலதான் தோலை ஊறப்போடுற சுண்ணாம்பு கெடக்கேன்னு தூக்கியாந்து நீங்க பாட்டுக்குக் கை வச்சிராதீங்க. உங்களுக்கு வராது."

பஸ் போய்விட்டது. ராவுத்தர் புழுதியிலேயே நின்றார். இந்தத் தடவை அவருக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? கை வைத்தால் சுவர் வெள்ளையாகும். வைக்காவிட்டால் பெண்டாட்டி பேச்சைக் கேட்டதாகும். ஷாப்புவரை நடந்து, நடந்து, யோசித்தார்.

சாயங்காலம் மைதீன் பிச்சை வெற்றிலையோடு வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். ராவுத்தர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். தாடி முழுக்கச் சுண்ணாம்பு.

"என்ன தம்பி, தங்கச்சி சொல்லிட்டுப் போன வேலையா?"

"நம்மகிட்டயா? தொடவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றார் ராவுத்தர், ஏணியை இரண்டாவது சுவருக்கு நகர்த்திக்கொண்டே.