709-ஐ ஓட்டியவர்

"கேப்டன், கிடைச்சிருச்சு" என்றது தொலைபேசி.

கேப்டனின் வாயில் பற்பசை இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "என்ன கிடைச்சிருச்சு சம்பந்தி?" என்றார்.

"எழுநூத்தி ஒம்பது. உங்க விமானம். நாளைக்குக் காலையில போறோம். வேன் சொல்லிட்டேன்."

கேப்டன் குளியலறை முக்காலியில் உட்கார்ந்தார். விழுங்கிய பற்பசை பாதி வழியில் நின்றுவிட்டது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேப்டன் கேப்டன் அல்ல. வாழ்க்கையில் அவர் பட்டம் வாங்கியதும் இல்லை, பட்டம் விட்டதும் இல்லை. விமானப்படைப் பட்டறையில், பெயின்ட் கொட்டகையில், முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். புதுப் பெயின்ட் அடித்து வரும் விமானத்தின் வாலில் எண் ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஒவ்வொரு இலக்கமும் ஒரு ஆள் கை நீளம். ஒரு குமிழிகூட இல்லாமல் நீவி ஒட்டுவார்.

நாலு வருடத்துக்கு முன், மகளின் கல்யாணப் பேச்சுக்கு இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி கேட்டார்: "விமானப்படையில நீங்க என்ன பண்ணினீங்க?"

"விமானத்துல நம்பர் ஒட்டினேன்" என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் மிக்ஸி ஓடியது. அது 'நம்பர்' என்ற சொல்லை நைசாக அரைத்துவிட்டது. மிச்சம் இருந்த 'ஒட்டினேன்' சம்பந்தியின் காதுக்குப் போகும் வழியில் நீண்டு 'ஓட்டினேன்' ஆயிற்று.

"எந்த விமானம்?" சம்பந்தி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"எழுநூத்தி ஒம்பது" என்றார் இவர். ஆயிரக்கணக்கில் ஒட்டியதில் அந்த எண் மட்டும் ஏன் சட்டென்று வாயில் வந்தது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த ஓர் அவமானம்.

சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார். காரணம், அவர் சாதாரண ஆள் இல்லை. கல்லூரியில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழம்பெரும் விமான அன்பர் கழகத்தின் நிறுவனர், தலைவர், கொள்கைப் பரப்பாளர். கழகத்தில் மொத்தம் ஏழு பேர். சின்னச் சின்ன ஊர் விமான நிலையங்களின் பின்பக்கம் ஓய்வு பெற்ற போர் விமானங்கள் புல்லில் கிடக்குமே, அவற்றைத் தேடிப்போய் எண்ணைக் குறித்துக்கொள்வது கழகத்தின் பணி. முப்பத்தெட்டு விமான நிலையங்களுக்குப் போயிருக்கிறார்கள். மூன்றில் காவலாளி விரட்டியிருக்கிறார். ஒன்றில் தலைவர் மதில் மேல் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கழக ஆண்டு மலரில் 'முற்றுகை' என்று எழுதியிருந்தார்கள்.

தலைவரின் வாழ்நாள் தேடல் 709. அந்த ரக விமானங்கள் மொத்தம் 708தான் செய்யப்பட்டன என்கிறது ஆவணம். ஆனால் பழைய புகைப்படம் ஒன்றில், வாலில் தெளிவாக 709 என்று ஒரு விமானம் நிற்கிறது. இல்லாத விமானம். அதைப் பற்றித் தலைவர் 'மறைக்கப்பட்ட 709' என்று அறுபத்து நாலு பக்கத்தில் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் முன்னால் 709-ஐ ஓட்டியவர் உட்கார்ந்திருந்தால்?

"கேப்டன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார் சம்பந்தி. சம்பந்தியம்மாள் இரண்டாவது டீ ஊற்றினார். மகள் அப்பாவை இருபத்து நாலு வருடத்தில் ஒரு நாளும் பார்க்காத மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையில் இவர் வாய் ஒட்டிக்கொண்டது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரு மாத்திரைதான் வித்தியாசம் என்று அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததுண்டு. அந்த ஒரு மாத்திரை நாலு வருடமாக நெஞ்சில் கரையாமல் நிற்கிறது.

"யாருங்க போன்ல?" என்றாள் மனைவி.

"சம்பந்தி. விமானம் கிடைச்சிருச்சாம்."

"கிடைக்கட்டும். மறுநாளே போன் போட்டு உண்மையைச் சொல்லிருங்கன்னு சொன்னேன். நாளைக்கு நாளைக்குன்னு நாலு வருஷத்தை ஓட்டிட்டீங்க. ஓட்டினது அது ஒண்ணுதான்."

"அந்த விமானம் கிடைக்கவே முடியாதுடி."

"ஏன்?"

மனைவியிடமும் சொல்லாத விஷயம் அது. தொலைபேசியை எடுத்தார்.

"சம்பந்தி, நீங்க பாத்தது வேற ஏதாவது இருக்கும். எழுநூத்தி ஒம்பது விழுந்து நொறுங்கிப்போச்சு."

மறுமுனையில் சம்பந்தி ஏதோ காகிதத்தைப் புரட்டினார். பிறகு, "விழுந்துச்சா? அப்போ நீங்க?"

"நான் அதுல இல்லை."

"குதிச்சுட்டீங்க."

கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததைச் சம்பந்தி எழுதிக்கொண்டிருந்தார். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

பத்து நிமிடத்தில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, பாராசூட்ல குதிச்சீங்களாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"அம்மாடி, அது வந்து..."

"அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. இன்னைக்குப் பாத்திரம் கழுவ என்னை விடலை. இந்த வீட்ல வாயைத் திறந்தா எங்க பெரியப்பா டாக்டர், எங்க சித்தப்பா இன்ஜினியர்னு ஆரம்பிச்சிருவாங்க. எனக்குச் சொல்லிக்க நீங்க ஒருத்தர்தாம்பா."

வைத்துவிட்டாள். கேப்டன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வாயோரம் இன்னும் பற்பசை ஒட்டியிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

மதியம் மறுபடி முயன்றார். "சம்பந்தி, நாளைக்கு என்னால வர முடியாது போல. மூட்டு வலி."

"இருக்காதா பின்னே" என்றார் சம்பந்தி, குரல் தழுதழுக்க. "அவ்வளவு உயரத்துலேருந்து விழுந்த கால். நீங்க ஒரு அடிகூட நடக்க வேண்டாம்."

சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து இறங்கியது.

கடைசி முயற்சியாக, "இதெல்லாம் ராணுவ ரகசியம் சம்பந்தி. வெளியில பேசவே கூடாது" என்றார்.

"புரியுது" என்று சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லலை. கழகத்துக்காரங்க ஆறு பேர், ஒரு நிருபர். அவ்வளவுதான்."

மறுநாள் கிளம்பும்போது மனைவி வரவில்லை. "அங்க உங்க மூஞ்சியை என்னால பாக்க முடியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த விமான நிலையத்துக்குக் காலையில் ஒரு விமானம் வரும், மாலையில் ஒன்று போகும். நடுவில் ஓடுபாதை நாய்களுடையது. மகளும் கழகத்தினரும் நிருபரும் வேனிலிருந்து இறங்கியதும், "நான் இங்க வர்றது இதுதான் முதல் தடவை" என்றார் சம்பந்தி. யாரும் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடமும் வழி கேட்காமல், கழிப்பறைக்குப் பக்கத்துச் சந்தில் திரும்பி, தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "வாங்க சார்" என்று சிரித்தார்.

"பழைய ஆளுங்களுக்கு மரியாதை தெரியுது" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி வேகமாகத் தள்ளினார்.

விமானம் புல்லுக்குள் மூக்கைப் புதைத்து நின்றது. ஒரு சக்கரத்தில் காற்று இல்லை. காற்று உறிஞ்சும் வாயில் குருவிக்கூடு. வாலில் பெரிதாக 709.

கழகத்தினர் கை தட்டினார்கள். பதினொரு வருடமாக அந்த ஒரு விமானத்தைக் காட்ட முடியாதவர் எதற்குத் தலைவர் என்று கேட்டு, அடுத்த மாதம் தேர்தலில் நிற்பதாக இருந்த பொருளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க தலைவரே. இனிமே தேர்தலே வேண்டாம்."

சம்பந்தி மன்னித்தார். மார்பு சட்டைப் பொத்தானைத் தள்ளியது.

கேப்டனுக்கு வியர்த்தது. இருக்க முடியாத விமானம் கண்முன் இருக்கிறது. நாற்காலியை உருட்டிக்கொண்டு வாலுக்குக் கிட்டே போனார். ஒன்பதின் வயிற்றில் ஒரு காற்றுக் குமிழி. அவ்வளவு பயத்திலும் அவருக்கு எரிச்சல் வந்தது. எவன் ஒட்டினான் இதை, துணி வைத்து நீவக்கூடத் தெரியாதவன் என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்று சம்பந்தி பாய்ந்து வந்தார். "பழசு. உதிர்ந்திரும்."

ஏணி வந்தது. "ஏறுங்க கேப்டன். நாங்க தூக்கி விடறோம்."

"குதிக்கும்போது என்ன சார் நினைச்சீங்க?" என்றார் நிருபர்.

"சீட்டோட வெளியே தூக்கி எறியுமே, அந்தப் பிடி எந்தப் பக்கம் சார் இருக்கு?" என்றார் பொருளாளர்.

கேப்டன் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். மகள் அருகில் வந்து தோளில் கை வைத்தாள்.

"அப்பா, உள்ளே உக்காந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன். பெருசாக்கி ஹால்ல மாட்டப்போறோம். அத்தை காலையிலேயே ஆணி அடிச்சுட்டாங்க."

அந்த ஆணி கேப்டனுக்குள் எங்கேயோ இறங்கியது. அவள் தினமும் அந்தப் படத்தைத் துடைப்பாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். தான் செத்த பிறகு மாலையும் போடுவாள். பொய்யனுக்கு மாலை.

அவர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். தடுமாறாமல் நின்றார். கழகத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஓட்டலை" என்றார். "ஒட்டினேன்."

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம். ஓட்டினீங்க" என்றார் நிருபர், எழுதிக்கொண்டே.

"ஓ இல்லை. ஒ."

"ஓ."

"ஒ. குறில்." புரியவில்லை என்று தெரிந்ததும் கையால் செய்து காட்டினார். தாளை உரித்தார். காற்றில் வைத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினார். முப்பத்தொரு வருடப் பழக்கம். யார் பார்த்தாலும் சந்தேகம் வராது.

நிருபரின் பேனா நின்றது.

"பெயின்ட் கொட்டகையில நம்பர் ஒட்டுறது என் வேலை. விமானம் விழலை. நான் குதிக்கலை. மூட்டும் வலிக்கலை." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "எழுநூத்தி ஒம்பதுன்னு ஒரு விமானமே கிடையாது. அது எழுநூத்தி ஆறு. ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை வீட்ல வெச்சுட்டுப் போயிட்டேன். ஆறைத் தலைகீழா ஒட்டிட்டேன். மத்தியானம் அதிகாரி பாத்துட்டு, பட்டறை மொத்தத்தையும் வரிசையா நிக்கவெச்சு, 'இவருக்கு ஆறுக்கும் ஒம்பதுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாரும் பாத்துக்கங்க'ன்னு சொன்னார். அப்புறம் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினேன். உலகத்துல நாலு மணி நேரம்தான் எழுநூத்தி ஒம்பது இருந்துச்சு. அதுக்குள்ள யாரோ போட்டோ எடுத்திருக்காங்க."

குருவி ஒன்று கூட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

மகளின் கை அவர் தோளிலிருந்து இறங்கியது. முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒட்டிய எதுவும் அப்படிக் கழன்று விழுந்ததில்லை.

"நாலு வருஷமாப்பா?" என்றாள் மெதுவாக.

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேம்மா."

அவர் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். திட்டட்டும், அறுபத்து நாலு பக்க நூலால் தலையில் அடிக்கட்டும் என்று குனிந்து நின்றார். ஆனால் சம்பந்தி திட்டவில்லை. அவர் முகம் விமானத்தைவிட வெளுத்திருந்தது.

"சரி, விடுங்க, மனுஷன்னா தப்பு வர்றதுதான்" என்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "வெயில் ஏறுது. வேன்காரர் காத்துக்கிட்டு இருப்பார். எல்லாரும் கிளம்புங்க, கிளம்புங்க."

பொருளாளர் நகரவில்லை. வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க தலைவரே. அப்படி ஒரு விமானமே இல்லைன்னா, இது என்ன?"

இவ்வளவு நேரம் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த புல் வெட்டுகிறவர், வெகுநாள் சந்தேகம் ஒன்று தீர்ந்தவரைப் போலத் தலையாட்டிக்கொண்டே முன்னால் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியிடம் பணிவாகக் கேட்டார்:

"முந்தாநாள் நீங்க என்கிட்ட, 'கடையில ஒம்பது இல்லை, ஆறையே தலைகீழா ஒட்டு'ன்னு சொன்னீங்களே சார், அது இவர்கிட்ட கத்துக்கிட்டதா?"