ஆடியில் காணாமல் போன மருமகள்

அன்பும் அதைவிட அதிகமாகக் கோபமும் கொண்ட லோகநாதன், திருவேற்காட்டிலிருந்து மச்சான் கோபிக்கு எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மானத்துக்குத்தான். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும், உன்னைத் தவிர. போன் போட்டால் நீ எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, கூழ் வாங்கச் சொம்போடு நின்ற மொத்தத் தெருவுக்கும் முன்னால், உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணை எங்கே புதைத்தீர்கள் என்று எங்கள் வீட்டு ஓனரைக் கேட்டுவிட்டேன்.

காரணம் யார்? நீதான். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு அக்கா புருஷன் வீட்டில் சும்மா கிடக்கிறாரே என்று, நாட்டை நடுங்கவைத்த கொலை வழக்குகள் என்று ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுவந்து போட்டாயே, உனக்குச் சமையல் புத்தகமே கிடைக்கவில்லையா? சூட்கேஸில் வைத்தவன், சுவருக்குள் வைத்தவன், பாயசத்தில் விஷம் வைத்தவள் என்று படித்துப் படித்து, பால்காரர் "அம்மா இல்லையா?" என்றால்கூட இவன் எதுக்குக் கேட்கிறான் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. இந்த லட்சணத்தில், மாடியில் இருக்கும் ஓனர் வீராசாமியின் புது மருமகள் நிவேதிதாவின் கொலுசுச் சத்தம் திடீரென்று நின்றுபோயிற்று. அவள் புருஷன் மோகன் தாடியோடு தனியாக நிற்கிறான். வீராசாமி குழாயடியில் அரிவாளைக் கழுவுகிறார், ஓர் ஆளே உள்ளே உட்காரக்கூடிய அண்டாவைத் தேய்க்கிறார். தெருவில் விடிந்ததிலிருந்து ஸ்பீக்கர் அலறுகிறது. அலறல் வெளியே கேட்கக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். உன் புத்தகத்தில் ஒரு படுபாவி அப்படித்தானே செய்தான்!

நான் கேட்டதும் வீராசாமி கூழ்க் கரண்டியோடு நிமிர்ந்தார். "இன்னா சார், தூக்கத்துல கீறியா? ஆடி மாசம் சார்! புதுப்பொண்ண அம்மா ஊட்டுக்கு அனுப்பமாட்டாங்களா? இந்த ஸ்பீக்கரு, கூழு அண்டா, வேப்பில வெட்டுன அருவா எல்லாம் இன்னா, பொங்கலுக்கா?"

மோகன் உடனே வீடியோ கால் போட்டான். அந்தப் பெண் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அங்கிள், நான் உசுரோடதான் கீறேன், நீங்க கூழக் குடிச்சிட்டுப் போயி படுங்க" என்றாள். வரிசை சிரித்த சிரிப்பு பூந்தமல்லிக்குக் கேட்டிருக்கும்.

வீராசாமி மட்டும் சிரிக்கவில்லை. "ஆடியில யாரையும் கெளப்ப மாட்டேன். ஆவணி பொறந்ததும் ஊட்ட காலி பண்ணிடு சார்" என்றுவிட்டார். உன் அக்கா தாட்சாயிணி, "ஆடின்னா புதுப்பொண்ணுதான் போகணுமா? நானும் போறேன் அம்மா வீட்டுக்கு" என்று பையைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூருக்கு, உன் வீட்டுக்கே வந்துவிட்டாள். நியாயமாடா இது? மெட்ரோ வருது, மெட்ரோ வருது என்று வாடகையை ஏற்றிவைத்திருக்கிற இந்த ஏரியாவில் இன்னொரு வீட்டுக்கு நான் எங்கே போவேன்? தப்பெல்லாம் உன்னுடையது என்று நீயே நேரில் வந்து அந்த மனுஷனிடம் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் அக்காவுக்கு வணக்கம், அவள் வாங்கிக்கொண்டால். கருமாரியம்மன் உன்னை மன்னிக்கட்டும், நான் மன்னிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
லோகநாதன்

பி.கு.: ஒட்டாமல் வைத்திருந்தேன், அதற்குள் நிலைமை மாறிவிட்டது. நீ வர வேண்டாம், உன் அக்காவை மட்டும் முதல் ரயிலிலேயே அனுப்பு. "அப்படி இன்னாதான் சார் கீது அதுல?" என்று வீராசாமி நேற்று எல்லாப் புத்தகத்தையும் வாங்கிப் போனார். காலி பண்ணுகிற பேச்சே இல்லை. இன்று காலை இறங்கி வந்து, "அம்மாவ காணோமே சார்?" என்றார். தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். "இந்த வயசுலயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தவர், தரைக்கடித் தண்ணீர்ச் சம்பின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.