நியூட்ரல் லூசான நட்சத்திரம்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியும் தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடல்நிலையைக் கேட்டால், இடது கீழ்க் கடைவாய்ப் பல்லைத் தவிர மற்ற எல்லாம் நலம். அந்தப் பல் இப்போது என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். தங்கள் அக்கா பெட்டியும் கையுமாக அங்கே வந்து இறங்கியதையும், அவள் சொன்னதற்கெல்லாம் தாங்கள் தலையாட்டியிருப்பீர்கள் என்பதையும் நான் இங்கிருந்தே அறிவேன். என் தரப்பையும் கேட்டுவிட்டு அவளை அடுத்த பேருந்தில் ஏற்றி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

நான் பெரிய ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆபரேஷன் தியேட்டர் விளக்கு ஒரே ஒருமுறை கண் சிமிட்டினால் போதும், டாக்டர் கையில் கத்தியோடு திரும்பி என்னைத்தான் பார்ப்பார். அப்படிப் பழகிய உடம்பு இது. எங்கேயாவது ஒரு விளக்கு மினுக்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டில்கூட முதலில் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறிவிட்டுத்தான் இலைக்கோ தட்டுக்கோ வருவேன். போன மாதம் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்த்த அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சிக்குச் சற்று மேலே ஒரு விளக்கு. வெளிச்சத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நொடி நிலையாக நிற்க வேண்டுமே! வெள்ளை, சிவப்பு, பச்சை, திரும்பவும் வெள்ளை என்று துடியாய்த் துடித்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, நியூட்ரல் லூஸ், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி சரியாக இறுகவில்லை. எவனோ கட்டடத்துக்கு மேலே எச்சரிக்கை விளக்கு மாட்டிவிட்டு, திருகாணியை முடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டான். காற்றடித்தால் பொறி பறக்கும், பொறி பறந்தால் பக்கத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டி இருக்கிறது, அதற்குக் கீழே இத்தனை குடும்பம் படுத்துத் தூங்குகிறது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டு இருக்கும்போதுதான் தங்கள் அக்கா காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்தாள்.

"என்னங்க, கழுத்து சுளுக்கிக்கப் போகுது. எதை அப்படிப் பாக்கறீங்க?"

"அந்த லைட்டைப் பாரு. வேலை தெரியாத பய எவனோ மாட்டியிருக்கான்."

பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

"ஐயோ, அது நட்சத்திரங்க."

"நட்சத்திரம் பச்சையா எரியுமா?"

"கீழ்வானத்துல இருந்தா அப்படித்தான் தெரியும். அவ்வளவு காத்தைத் தாண்டி வரும்போது வெளிச்சம் ஆடி ஆடி வருது. இந்தப் பக்கம் ஒண்ணு அசையாம நிக்குது பாருங்க, அது கிரகம். மினுக்குனா நட்சத்திரம், மினுக்காட்டி கிரகம். அவ்வளவுதான் விஷயம்."

"அதுக்கு வயரிங் ஒழுங்கா பண்ணியிருக்கான். அந்த ஆளையே இதுக்கும் கூப்பிடச் சொல்லு" என்றேன். நியாயமான பேச்சுதானே? அதற்கு அவள், "வானத்து லைட்டைப் பார்த்தது போதும், சமையக்கட்டு டியூப்லைட்டு ஆறு மாசமா கண்ணடிச்சுக்கிட்டு இருக்கு, காய் எது என் விரல் எதுன்னு தெரியாம நறுக்கறேன், முதல்ல அதைக் கவனிங்க" என்றாள். பேச்சை எங்கே கொண்டுபோய் எங்கே சேர்க்கிறாள் பாருங்கள்! டியூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாற்றினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அதனால்தான் இன்னும் செய்யவில்லை.

மறுநாள் அவள் செல்போனில் ஏதோ ஒரு ஆப்பை ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள். வானத்துக்கு நேராகப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லுமாம். என் விளக்குக்கு நேராகப் பிடித்தாள். வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னது. "பாத்தீங்களா?" என்றாள். நான் போனை வாங்கித் தரையைக் காட்டினேன். அங்கேயும் ஏழெட்டு நட்சத்திரம்! எங்கள் மாடிக்கு நேர் கீழே தையல்காரர் வீடு. அவர் கட்டிலுக்கு அடியில் நட்சத்திரம் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நட்சத்திரத்தைக் காட்டுகிறதாம். என் தொப்பைக்கு நேராகப் பிடித்தேன், நட்சத்திரங்களைக் கோடு போட்டு இணைத்து ஒரு கரடிப் படம் வந்தது. இதை வைத்துக்கொண்டு என் அனுபவத்தோடு மோதுகிறாள்.

சரி, பெண்பிள்ளையோடு வாதாடுவானேன் என்று மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டேன். புகார் எடுக்கிற பையன் "எந்தக் கம்பம் சார்?" என்றான். கம்பம் தெரியவில்லை, விளக்குதான் தெரிகிறது என்றேன். "எந்தத் தெரு?" தெருவில் இல்லை தம்பி, தெருவுக்கு மேலே என்றேன். "எவ்வளவு மேலே?" எதிர்த்த கட்டடத்தைவிடக் கொஞ்சம் மேலே, ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள், நேற்றைவிட இன்றைக்கு உயரம் என்றேன். பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சார், அவ்வளவு மேலே எங்க லைன் போகலை" என்று வைத்துவிட்டான். பொறுப்பு என்பது யாரிடமும் இல்லை, மைத்துனரே. நான்தான் இறங்க வேண்டியிருந்தது, அதாவது ஏற வேண்டியிருந்தது.

எதிர்த்த கட்டடத்துக் காவலாளியை நாங்கள் விசில்காரர் என்போம், வண்டி வந்தாலும் ஊதுவார், வராவிட்டாலும் ஊதுவார். அவரிடம் தண்ணீர்த்தொட்டி மோட்டாரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி ஸ்க்ரூடிரைவரோடு மொட்டை மாடிக்குப் போனேன். போய்ப் பார்த்தால் அங்கே விளக்கு இல்லை! அடுத்த தெருவில் பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே ஒரு செல்போன் கோபுரம் இருக்கிறதே, அதன் தலைமேல் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. ஆகா, தூரத்தை நான் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டேன், விளக்கு கோபுரத்துக்கு உரியது என்று முடிவு செய்தேன். நேரே கிளினிக்குக்கு நடந்தேன். மாடிப்படி உள்ளே இருந்தது. வாசலில் இருந்த பெண் டோக்கன் இல்லாமல் யாரையும் விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சரி, கொடும்மா என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரிடம், "ஐயா, மேலே ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கு, ரொம்ப லூசா இருக்கு, விட்டா ஆபத்து" என்றேன். நான் கோபுரத்தைச் சொன்னேன். அவர், "வாயைத் திறங்க" என்றார். திறந்த வாய்க்குள் ஊசி போய்விட்டது. அதற்கப்புறம் நான் சொன்னதெல்லாம் "ஆ, ஆ" என்றுதான் வெளியே வந்தது. அவர், "மேல ஒண்ணும் ஆடலையே, கீழதான் ஆடுது" என்று பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். விளக்கு அதற்கும் அப்பால் போய், ரயில் பாலத்துக்கு மேலே நின்றது.

வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தேன். உங்கள் அக்கா கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள், அதை மறுக்கவில்லை. கொடுக்கும்போதே, "இப்பவாவது நட்சத்திரம்னு ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டாள். கஞ்சி குடிக்கிற மனுசனிடம் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், இனிமேல் விளக்கைத் தேடிப் போவதில்லை, மின்சாரத்தை நிறுத்திப் பார்த்துவிடுவது என்று. எந்த மெயினை இறக்கினால் அணைகிறதோ அந்தக் கட்டடத்து விளக்கு. தொழில் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான்.

மறுநாள் இருட்டின நேரத்தில், விசில்காரர் தெருவில் எதற்கோ ஊதிக்கொண்டிருந்தபோது, எதிர்த்த கட்டடத்து ஸ்விட்ச் அறைக்குள் போய் மெயினை இறக்கினேன். கட்டடம் மொத்தமும் கும்மிருட்டு. படியேறி மொட்டை மாடிக்கு ஓடினேன். நிமிர்ந்து பார்த்தால், மச்சான், அது அணையவே இல்லை! முன்னைவிடப் பளிச்சென்று எரிகிறது! அது மட்டுமா, அதைச் சுற்றி இதுவரை நான் பார்த்தே இராத சின்னச் சின்ன விளக்கு நூறு எரிகிறது. எல்லாமே இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்று புரிந்துகொண்டு கீழே இறங்கினேன். இறங்கினால் ஸ்விட்ச் அறை பூட்டியிருக்கிறது. விசில்காரர் ஷார்ட் சர்க்யூட் என்று பயந்து, யாரும் தொடக் கூடாது என்று பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட ஓடியிருக்கிறார். எந்த எலக்ட்ரீஷியனை? என்னைத்தான்! எங்கள் வீட்டு வாசலில் நின்று விசில் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார், நான் இங்கே பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். வீட்டிலும் கதவைத் திறக்க ஆளில்லை. ஏனென்றால் உங்கள் அக்கா லிஃப்டுக்குள் இருந்தாள்.

நான் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உங்கள் கடையில் வாங்கிய புதுக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேனாம். அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பின்னாலேயே வந்து லிஃப்டில் ஏறியிருக்கிறாள். பாதி வழியில் நின்றுவிட்டது. கூடவே இருந்தவர் அந்தக் கட்டடத்துச் சங்கச் செயலாளர். இருட்டில் அவர் வண்டி நிறுத்துகிற இடத் தகராறை ஆதியோடு அந்தமாகச் சொல்லி முடித்திருக்கிறார். விசில்காரர் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, நான் மெயினைத் தூக்கி, லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தபோது செயலாளர் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்திருந்தார். உங்கள் அக்கா கத்தவில்லை, அழவில்லை. கையில் என் கண்ணாடியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லைட்டு அணைஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. இன்வெர்ட்டர்ல ஓடுது" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன், வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? கண்ணாடியை என் சட்டைப் பையில் செருகிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பெட்டியை எடுத்தாள். "அது நட்சத்திரம்னு உங்க வாயால சொல்ற வரைக்கும் நான் என் தம்பி வீட்லதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டாள்.

இப்போது நீயே சொல், மச்சான். (தாங்கள் என்று ஆரம்பித்தது நீ என்று வந்துவிட்டது, ஆத்திரம்தான் காரணம், மன்னிக்கவும்.) என் கண்ணில் கோளாறு என்றால் அது உங்கள் கடைக் கண்ணாடியில் கோளாறு. என் கண்ணாடி சரி என்றால் நான் பார்த்தது சரி. கடை நடத்துகிற நீங்கள் எந்தப் பக்கம் நிற்கப் போகிறீர்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். என் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது நட்சத்திரம் என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அந்த அளவுக்குப் பெருந்தன்மை எனக்கு உண்டு. அது விளக்கு என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டு வந்தால் போதும். இதில் விட்டுக்கொடுக்க இம்மியும் இடமில்லை. அதுவரை நான் தனியாக மிக வசதியாகவே இருக்கிறேன்.

தங்கள் இல்லத்தில் எல்லா விளக்கும் நின்று நிதானமாக எரிய வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன். தங்கள் மனைவிக்கு என் அன்பு. தங்கள் அக்காவுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டீ போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். டியூப்லைட் கண்ணடித்தது. அந்த லட்சணத்தில் சர்க்கரை என்று உப்பைப் போட்டுவிட்டேன். குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன், சிரித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று திரும்பினேன், யாரும் இல்லை. மச்சான், இந்த வெளிச்சத்திலா அவ ஆறு மாசமா சமைச்சா? ஸ்டூலைப் போட்டு ஏறினேன். எப்பவும் அவதான் ஸ்டூலைப் பிடிச்சுக்குவா, "பாத்து, பாத்து"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா, எனக்கு எரிச்சலா வரும். இன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை, இறங்க ரொம்ப நேரமாச்சு.

மேலே எழுதினது எதையும் கணக்கில் எடுத்துக்காதே. அது நட்சத்திரம்தான். எழுதிட்டேன், போதுமா? வேணும்னா எங்க மாடிப்படி பல்பையும் நட்சத்திரம்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். (நியூட்ரல் லூசான நட்சத்திரம். இந்த ஒரு வரியை மட்டும் அவளுக்குப் படிச்சுக் காட்டாதே.) ஸ்டார்ட்டர் மாத்திட்டேன்னு சொல்லு. லைட்டு இப்ப துளிகூட மினுக்கலை. மினுக்காட்டி கிரகம்னு அவதானே சொன்னா? அப்ப நம்ம சமையக்கட்டுல ஒரு கிரகம் இருக்குன்னு சொல்லு. நம்பலேன்னா, வந்து பாத்துட்டு அது கிரகம் இல்லேன்னு சொல்லச் சொல்லு.