குனிந்துவிட்டேன், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்களைத் தவிர எல்லோரும் நலம் என்று அண்ணி சொன்னார். நாற்காலியை விட்டு எழும்போது நீங்கள் போடும் சத்தம் மாடிவரை கேட்கிறதாம். முதுகை டாக்டரிடம் காட்டச் சொன்னதற்கு, "நீ முட்டி மடக்காம குனிஞ்சு கால் விரலைத் தொடு, அன்னைக்கே போறேன்" என்று போனில் சத்தியம் செய்தீர்கள். என் கை முழங்காலைத் தாண்டியதே இல்லை என்ற தைரியம்! தொட்டுவிட்டேன், அண்ணா. அடுத்த வியாழக்கிழமை காலை டாக்டரிடம் உங்களுக்கு நேரம் வாங்கியாகிவிட்டது.

எனக்குப் பின்தொடைத் தசை குட்டை என்றே நம்பியிருந்தேன். இதற்காகவே நான் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைக் கட்டில் விளிம்பில் கூனி உட்காரவைத்து, தாடையை நெஞ்சில் பதித்துக் காலை நீட்டச் சொன்னாள். பாதியில் சுரீரென்று இழுத்தது. "இப்ப தலையை மட்டும் நிமிர்த்துங்க மேடம்." இழுப்பு குறைந்து கால் மேலே போனது. தலைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். "நடுவுல நரம்பு ஓடுதே! குனியும்போது இடுப்பெலும்பு முன்னால சாயணும். நரம்பு ரொம்ப இழுபட்டா உடம்பு பயந்து தசையை இறுக்கி, இடுப்பைச் சாய விடாது" என்றாள்.

ஒரே ஆளை வைத்து முடிவு கட்டுவது புள்ளியியல் நடத்துகிறவளுக்கு அழகல்ல. ஆகவே எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் எல்லோரையும் சுவரைப் பார்த்து நிறுத்தி, நரம்பு இன்னும் இழுபட முன்பாதத்தைத் தடித்த அகராதியின் மேல் வைத்து, தலையைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிவிட்டு, நான் பின்னால் மண்டியிட்டு இடுப்பின் சாய்வைக் கோணமானியால் அளந்துகொண்டிருந்தபோது, வேதியியல் ஆசிரியர் அகராதியிலிருந்து வழுக்கிப் பொருளாதார ஆசிரியர் மேல் விழ, அவர் தண்ணீர் கேனைக் கட்டிப்பிடிக்க, கேன் கவிழ, அந்த வெள்ளத்தில் முதல்வர் உள்ளே வந்தார்.

"என்னம்மா தேடுறீங்க எல்லாரும்?"

"இடுப்பெலும்பை, சார்."

கொஞ்சம் யோசித்தார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "எனக்கும் பாத்துச் சொல்லுங்க" என்று வரிசையில் நின்றுகொண்டார்.

அகராதியை எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்திக் குனிந்தபோது அநேகமாக எல்லோருக்கும் இடுப்பு கூடுதலாகச் சாய்ந்தது. இயற்பியல் ஆசிரியை மட்டும் எப்படி நின்றாலும் உள்ளங்கையைத் தரையில் வைக்கிறாள். அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு தினமும் தலையையும் காலையும் மாற்றி மாற்றி அசைக்கும் பயிற்சி. நேற்று மாலை, நிமிர்ந்த தலையோடு, முட்டி மடக்காமல், முதல்வர் சாட்சியாகத் தொட்டேன்! அறையே கைதட்டியது. அண்ணி வீடியோ காலில் பார்த்து விசிலடித்தார். நீங்கள்தான் கேமரா பக்கமே வரவில்லை.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முதுகு சீக்கிரம் உங்கள் பேச்சைக் கேட்கட்டும்.

வெற்றிபெற்ற தங்கை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் என் வீட்டுக்காரர் நேற்று அறையில் எடுத்த வீடியோவைப் பார்த்து, "ஹீல்ஸ் போட்டுக்கிட்டா குனிஞ்ச?" என்றார். குதிகால் உயர்ந்தால் கணுக்கால் பக்கம் நரம்பு தளரும் என்று கல்லூரிக்கே விளக்கியவள் நான். வெறுங்காலில் குனிந்து பார்த்தேன். கை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. இதைச் சொன்னால் நீங்கள் போக மாட்டீர்கள் என்கிறார் இவர். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அதனால் புதன் மாலையே நேரில் வருகிறேன். வியாழக்கிழமை டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்தே பார்க்கட்டும்.