கல்லூரி பார்க்கப் போனோம், கேட்டைப் பார்த்தோம்

ஓய்வு பெற்றவனுக்கு எல்லா நாளும் விடுமுறை. அதனாலேயே ஊருக்கு எது விடுமுறை என்பது அவனுக்கு மறந்துபோகும். எனக்கும் மறந்தது. கல்வித் துறை அலுவலகத்தில் விடுமுறைச் சுற்றறிக்கை தயாரித்தே தலை நரைத்தவன் நான்.

என் மகள் ஜெனி டேராடூன் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தாள். ஆறாம் வகுப்பில் போனவள். வருஷத்துக்கு இரண்டு தரம் வருவாள். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் விருந்தாளியாக. பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். கல்லூரி சென்னையில்தான், ராத்திரி சாப்பாட்டுக்கு அவள் மயிலாப்பூர் வீட்டில் எங்களோடு உட்கார வேண்டும். இதை அவளிடமே சொல்லியிருக்கலாம். (அதற்கான நடைமுறை மட்டும் எனக்குத் தெரியாது.) ஆகவே கல்லூரிகளைச் சுற்றிக் காட்டத் திட்டம் போட்டேன்.

அக்டோபரில் அவளுக்கு நான்கு நாள் விடுப்பு. சனிக்கிழமை ஓய்வு, ஞாயிறு சாந்தோமில் பூசை, திங்களும் செவ்வாயும் கல்லூரிகள். எங்கே யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, எந்தக் கல்லூரி கேன்டீனில் டீ குடிப்பது, எல்லாம் தயார். என் மனைவி பிலோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையமர்த்தினேன்.

திங்கள் காலை வந்த ஆட்டோவில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லஸ் முனையில் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. அப்போதும் உறைக்கவில்லை.

தி. நகரில் முதல் கல்லூரி. கேட்டில் மாவிலைத் தோரணம், அதற்குக் கீழே பூட்டு.

"இன்னா சார், ஆயுத பூஜையும் அதுவுமா காலேஜ் பாக்க வந்துகீறீங்க?" என்றார் காவலாளி. நாளைக்கும் லீவுதான் என்று சேர்த்துச் சொன்னார்.

எந்தப் பண்டிகைக்காக டேராடூனில் என் மகளைத் திறந்துவிட்டார்களோ, அதே பண்டிகைக்காக இங்கே எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள்.

நியாயமாக வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷ சர்வீஸ் என்னைத் திரும்ப விடவில்லை. இன்றைக்கு வெளிப்புறப் பார்வை மட்டும்தான் என்று அறிவித்தேன். ஜெனியும் ஆட்டோக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தேனாம்பேட்டையில் ஒரு கேட், மந்தைவெளியில் ஒரு கேட். கம்பிக்கு வெளியே நின்று கையை நீட்டி, அதோ நூலகம் என்பேன். (பிறகு விசாரித்ததில் அது ஜெனரேட்டர் அறை.) ஒவ்வொரு காவலாளியும் பொரி கொடுத்தார். ஜெனி துப்பட்டாவில் ஏந்திக்கொண்டு, ஆட்டோக்காரருக்கும் பங்கு கொடுத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. ஊரில் இன்னும் நாலு கல்லூரி பூட்டியிருந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

கடைசி கேட் அடையாற்றில். ஜெனி தானே இறங்கிப் போனாள்.

"அண்ணா, உள்ள ஹாஸ்டல் இருக்கா?"

"கீது பாப்பா. நீ எந்த ஊரு?"

"மயிலாப்பூர்."

"தோ கீது மயிலாப்பூர். ஹாஸ்டல் இன்னாத்துக்கு?"

ஜெனி ஒரு கணம் யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமால்ல. சாரிப்பா, வீடு இங்கதான் இருக்குன்னு மறந்துட்டேன்" என்றாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் "பரவால்லம்மா" என்றேன். அவள் நீட்டிய பொரியை வாங்கி மென்றேன்.

வீட்டில் பிலோ மீன் குழம்பிலிருந்து பாயசம் வரை சமைத்து வைத்திருந்தாள். எல்லாம் ஆறியிருந்தது. லீவு என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும். காலேஜ் பூட்டியிருந்தா புள்ள வீட்டுல இருப்பாளேன்னு பாத்தேன். நீங்க கேட்டு பாக்கக் கூட்டிட்டுப் போயிட்டீங்க."

ஜெனி இப்போது புனேயில் படிக்கிறாள், ஹாஸ்டலில். (அந்தக் கல்லூரியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய்க் காட்டினார்களாம், வேலை நாளில்.) வீட்டுக்கு வரும் உறவினர் யாராவது, ஒரே பெண்ணை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினீர்கள் என்று கேட்டால், பிலோவிடம் பதில் தயாராக இருக்கும்.

"என்ன செய்றது? தொறந்திருந்த காலேஜ்ல சேந்துட்டா."

எல்லோரும் சிரிப்போம். பிலோ மட்டும் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விடுவாள். அன்றைக்குக் காபி வர நேரமாகும்.