கதிர்காமநாதன் டியூஷன் ஏகு படலம்

வாழி! மூன்றாம் தடத்தின் முடிசூடா மன்னன், மஞ்சள் விளக்கைக் கண்டு மனங்கலங்கா மாவீரன், ஹோம்புஷ் வாழ் தமிழ்க்குடிகள் விமான நிலையம் ஏகப் பிந்திவிட்ட போதெல்லாம் கண்ணீரோடு கைப்பேசியில் அழைக்கும் கலியுகச் சாரதி, கதிர்காமநாதன் வாழி! அவன் கை பற்றிய ஸ்டியரிங் வாழி! அவன் கால் அழுத்திய அக்சிலரேட்டர் வாழி! அவன் அதிகம் தொட்டறியாத காரணத்தால் இன்றளவும் புத்தம் புதிதாய் விளங்கும் பிரேக்கும் நெடிது வாழி!

நெடுஞ்சாலை ஓரத்து நெடுங்கம்பத்தின் உச்சியில், இமையாத ஒற்றைக் கண்ணோடு வீற்றிருந்து, ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லாரையும் படம் பிடித்தருளும் வேகக் கமராத் தாயே, இக்காதை முடியுமட்டும் அடியேன் பக்கம் திரும்பாதிருப்பாயாக. அவையடக்கமும் சொல்ல வேண்டும் என்பார்கள், சொல்கிறேன்: எனக்கு ஓட்டோ கியர் மட்டும்தான் ஓடத் தெரியும். ஆற்றுச் சிறப்பையும் நாட்டுச் சிறப்பையும் பாட ஆசைதான். ஆனால் காரை இரண்டு மணி நேரப் பார்க்கிங்கில் விட்டு வந்திருக்கிறேன்.

கேளுங்கள். நீண்ட வாரவிடுமுறையின் நடுநாளில், இன்றைக்குப் பிழை விட்டால் லைசன்ஸைப் பறிக்கும் தண்டப் புள்ளி இரட்டிப்பு என்று வானொலி தொண்டை கிழியக் கூவிய காலையில், கதிர்காமநாதன் தான் புதிதாய் வாங்கிய வெண்ணிறத் தேரிலே, இடப்புறம் மனையாள் யோகராணி, பின்புறம் ஒரே மகள் ஹம்சா, மகளின் மடியில் ஒரு பையில் நான்கு தேசிக்காய் எனச் சேனை திரட்டி, ஹெலன்ஸ்பர்க் கோயிலை நோக்கிப் படையெடுத்தான். ஐயர் மந்திரம் ஓத, சக்கரத்துக்கு ஒன்றாய் அந்த நான்கு தேசிக்காயையும் நசுக்கினால் புதுக் கார் விபத்தின்றி ஓடும் என்பது யோகராணியின் நம்பிக்கை. ஆனால் நடை சாத்துமுன் போய்ச் சேர வேண்டும். காத்திருத்தலோ நம் வீரனின் குலத்திலேயே இல்லை. ஆகவே, விபத்து வராதிருக்கச் செய்யும் பூசைக்கு, விபத்து வரக்கூடிய வேகத்தில் அவன் பறந்தான்.

காட்டு வளைவைக் கடந்ததும் பின்னால் நீலமும் சிவப்புமாய் விளக்குச் சுழன்றது. ஓரங்கட்டினான். பொலிஸ்காரர் குனிந்து, இத்தனை அவசரம் எதற்கு என்று ஆங்கிலத்தில் வினவ, "இந்தக் காரின் பாதுகாப்புக்காகப் பூசை செய்யப் போகிறேன்!" என்று வீரனும் அதே மொழியில், அரசவை அதிர முழங்குவான்போல, உள்ளதை உள்ளபடி உரைத்தான். வெட்கத்தில் ஹம்சா கீழே சரிய, பை கவிழ்ந்து, ஒரு தேசிக்காய் முன்னோக்கி உருண்டு வந்து பிரேக்கின் கீழே நின்றது. பொலிஸ்காரர் தேசிக்காயைப் பார்த்தார், கதிர்காமநாதனைப் பார்த்தார், பிறகு எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதி முடித்து இவர்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. சக்கரத்தில் நசுங்க வேண்டிய நான்கும் அன்று மாலை யோகராணியின் கையில் நசுங்கித் தேசிக்காய்த் தண்ணியாயின. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பூசைக்கு முன்னம் ஓடினது கணக்கில வராது!" என்று கதிர்காமநாதன் பிரகடனம் செய்தான். நியூ சவுத் வேல்ஸ் அரசுக்கு அது தெரியாமல் போயிற்று. சில வாரத்தில் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

தொலைபேசியில் அகப்பட்ட தமிழ் வழக்கறிஞர் சுற்றிவளைக்கவில்லை. "அண்ணை, கோர்ட்டுக்கு வரமுன்னம், பிழை விட்ட ஆக்களுக்கு நடத்திற அந்த டிரைவிங் கோர்ஸைச் செய்துபோட்டு வாங்கோ. திருந்திற ஆள் எண்டு நீதவான் கொஞ்சம் இரங்குவார். இல்லாட்டி, பழைய புள்ளியளும் கிடக்கு, லைசன்ஸ் போனமாதிரித்தான்."

ஆகா, லைசன்ஸ்! அது போனால் நடந்து போகலாம், ரயிலில் போகலாம், ஹோம்புஷில் ரயிலுக்கு என்ன பஞ்சம்? ஆனால் அவையோரே, ஹம்சா கார் பழகும் பருவம் அது. எல் போர்ட் மாட்டிய பிள்ளையின் பக்கத்தில், லைசன்ஸ் உள்ள ஒரு பெரியவர் அமர்ந்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டு நீதி. அந்த இடப்பக்க ஆசனம் கதிர்காமநாதனின் சிம்மாசனம். மகள் பிறந்த நாள்தொட்டு, இவளுக்குக் கார் பழக்குவது நான்தான் என்று அவன் உறவினர் ஒருவர் மிச்சமின்றிச் சொல்லி வைத்திருந்தான். யோகராணிக்கும் லைசன்ஸ் உண்டு. ஆனால் பழகும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் பிரஷர் ஏறிவிடும். லைசன்ஸ் போனால் சிம்மாசனமும் போகும்.

போகும் என்றால், யாருக்கு? அங்கேதான் இருக்கிறது வயிற்றெரிச்சல். ஹரிஸ் பார்க்கில் வசிக்கும் யோகராணியின் தம்பி பிரசன்னா! ஆமையும் ஹோர்ன் அடித்து முந்திச் செல்லும் அறவோன், ஒரு வண்டியும் வராத ரவுண்டபவுட்டிலும் நின்று நிதானித்து நெடுமூச்செறியும் நல்லோன், புறா நடந்தால் அது கடந்து முடியுமட்டும் காத்திருக்கும் கருணைக்கடல். செய்தி அறிந்த மாத்திரத்தில் அவன் போன் எடுத்துவிட்டான்: "அத்தான், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஹம்சாவோட நான் இருக்கிறன்." அன்போடுதான் சொன்னான். அதுதான் கதிர்காமநாதனுக்குப் பொறுக்கவில்லை.

குசினியில் மந்திராலோசனை கூடிற்று. குக்கர் மும்முறை சங்கநாதம் செய்தது.

"போய்ப் படிச்சிட்டு வாங்கோவன். ஆர் உங்களைப் பிடிச்சுத் தின்னப் போகினம்?" என்றாள் யோகராணி.

"என்ன?" என்று கதிரை தள்ளி எழுந்தான் கதிர்காமநாதன். கையில் அகப்பை, கண்ணில் கனல். "கண்டி ரோட்டில, லொறியளுக்கு நடுவால, மழையிலயும் ஓடினவன் நான்! எனக்கு ஒருத்தன் போர்டில கீறிப் படிப்பிக்கிறதோ? ஊர் சிரிக்காதோ?" இவ்விடத்தில் உண்மையை மறைக்கலாகாது. கண்டி வீதியில் லொறிகளுக்கு நடுவால் அவன் ஓடியது சைக்கிள்.

இப்படியாக வெட்கம் ஒரு புறமும் சிம்மாசனம் ஒரு புறமும் நின்று பொருத, அவன் உள்ளம் ஒரு கிழமை முழுவதும் போர்க்களமாய்க் கிடந்தது. குளிக்கும்போது கோர்ஸுக்குப் போவதாய் முடிவெடுப்பான். தலை துவட்டும்போது மாற்றிவிடுவான். கணினியின் முன் அமர்ந்து பதிவுப் பக்கத்தைத் திறப்பான். யோகராணியின் செருப்புச் சத்தம் கேட்டதும் கிரிக்கெட் ஸ்கோருக்குத் தாவுவான். அந்த வாரம் எங்குமே கிரிக்கெட் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சிம்மாசனத்தில் பிரசன்னா, ஸ்டியரிங்கில் ஹம்சா, பின்னாசனத்தில், அரிசி மூட்டைக்கும் குடைக்கும் இடையில், கதிர்காமநாதன். காவியத் தலைவன் அமரும் இடமா அது? தேர் நத்தையென ஊர்ந்தது. "வடிவா ஓடுறாய் பிள்ளை, அவசரமில்லை" என்றபடி பிரசன்னா சட்டைப் பையிலிருந்து மிண்ட் இனிப்பொன்றை எடுத்துக் கொடுத்தான். ஹம்சா வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். ஐயகோ, சிரித்தாள்! தகப்பன் பக்கத்தில் இருக்கும்போது அவள் சிரித்ததே இல்லை. எப்படிச் சிரிப்பாள்? ஏறியது முதல் இறங்கும்வரை "அமத்து, அமத்து! முந்து! ஏன் நிக்கிறாய்?" என்ற அம்புமாரியல்லவா அவள் காதில் பொழிந்துகொண்டிருந்தது? கதிர்காமநாதனுக்கு நெஞ்சு எரிந்தது. அதற்குப் பொறாமை என்றுதான் பெயர்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போதும் வீரன் தன் மானத்தைப் பற்றி நீண்டதோர் உரை நிகழ்த்தினான். ஹம்சா பொறுமையாய்க் கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் டியூஷன். சனிக்கிழமை சனிக்கிழமையா என்னைக் கொண்டுபோய் விட்டனீங்கள்தானே? மாட்டன் எண்டு அழேக்கயும் விட்டனீங்கள். படிக்கிறதில என்ன வெட்கம் எண்டு கேட்டனீங்கள்."

வில் முறிந்தது. கேடயம் நழுவிற்று. மகளின் ஐந்தாம் வகுப்பு முதலாய்க் கணித டியூஷன், ஆங்கில டியூஷன், டியூஷனுக்கு ஆயத்தம் செய்யும் டியூஷன் என்று சனிக்கிழமைகளை எல்லாம் வாரி விழுங்கியவன், தன் தலைக்கும் ஒரு சனிக்கிழமை வந்து நிற்கையில் எங்கே ஓடி ஒளிவான்? சோற்றைப் பிசைந்தான். பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தான். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவி, கணினியைத் திறந்து, தமிழர் யாரும் தன்னைக் காணாதபடி தொலைதூரத்துப் பென்ரித் நகரத்து வகுப்பைத் தெரிந்து, கண்ணை இறுக மூடி, வலக்கைச் சுட்டுவிரலால் பொத்தானை அமத்தினான். "பிந்தி வருவோர் அனுமதிக்கப்படமாட்டார்கள்" என்று திரை அறிவித்தது. பிந்துவதா, கதிர்காமநாதனா? அவன் ஏளனமாய்ச் சிரித்தான்.

அந்தச் சனிக்கிழமையும் விடிந்தது. ஓட்டுவது ஹம்சா என்று முடிவாகியிருந்தது. டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது தன் முறை என்று அவள் அடம்பிடித்தாள். வகுப்பு முடியும்வரை காரிலிருந்து படிக்கப் புத்தகமும் எடுத்துக்கொண்டாள். "இப்பவே வெளிக்கிடுவம் அப்பா. போன் கூடின நேரம் காட்டுது" என்றாள். "போனுக்குக் கார் ஓடத் தெரியாது!" என்று முழங்கிய வீரன், பென்ரித்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தன் அனுபவத்தால் கணித்து, ஆறுதலாய் இரண்டாவது கோப்பை தேநீர் குடித்தான். கணித்தது தன் காலின் வேகத்தில் என்பதை மறந்துபோனான்.

எம் ஃபோர் நெடுஞ்சாலையில் ஹம்சா முள்ளைத் தொண்ணூறில் நிறுத்தினாள். எல் போர்ட்டுக்கு அதுதான் எல்லை. முள் அசையவில்லை, கடிகாரமோ நிற்கவில்லை. அதுகாறும் புறமுதுகு கண்டே பழகிய கதிர்காமநாதனை அன்று லொறி முந்தியது, பஸ் முந்தியது, படகொன்றை இழுத்துச் சென்ற பழைய வான் முந்தியது, ஈற்றில், கூரையில் மெத்தையைக் கயிற்றால் கட்டிய சின்னஞ்சிறு கார் ஒன்றும் முந்தியது. அந்த மெத்தையின் ஒரு மூலை காற்றில் எழுந்து அவனுக்குக் கைகாட்டிப் போயிற்று.

அப்போது மூண்டது பெரும்போர்! மூன்றெழுத்தாலும் ஓரொற்றாலும் ஆன 'அமத்து' என்னும் அச்சொல், அவன் நாபியிலே பிறந்து, நெஞ்சிலே தவழ்ந்து, தொண்டையிலே வாலிபம் எய்தி, பல்வரிசையாகிய கோட்டைக் கதவைத் தலையால் முட்டிற்று. வகுப்பு போய்விடும், கூறு! வகுப்பு போனால் லைசன்ஸ் போய்விடும், கூறு! சிம்மாசனம் பிரசன்னாவுக்குப் போய்விடும், கூறு! வலக்கால் தானாகவே எழுந்து, அக்சிலரேட்டர் இல்லாத வெறும் தரையை நசுக்கிற்று. ஒரு சொல் போதும், அவள் அமத்துவாள். ஸ்டியரிங்கைப் பற்றிய மகளின் விரல்களைப் பார்த்தான். அவை அவன் கத்துவதற்காகக் காத்திருந்து முன்கூட்டியே வெளிறியிருந்தன. கதிர்காமநாதன் கையை நீட்டி, கோப்பை வைக்கும் குழியில் பிரசன்னா விட்டுச் சென்ற மிண்ட் இனிப்பொன்றை எடுத்து, பகைவனின் படைக்கலமென்றும் பாராமல், வாயில் போட்டுக் கடித்தான். 'அமத்து' அதோடு நொறுங்கி உள்ளே போயிற்று.

"அவசரமில்லை, பிள்ளை" என்றான். அவன் வாயால் அச்சொல்லை அவன் காதே அன்றுதான் கேட்டது.

ஹம்சா திரும்பவில்லை, பழகும் பிள்ளை வீதியிலிருந்து கண்ணெடுக்கக் கூடாது. ஆனால் சிரித்தாள். பென்ரித் வரும்வரை சிரித்தாள். வகுப்பு மண்டபத்தின் முன்னே கோடுகளுக்கு நடுவே வண்டியைக் கச்சிதமாய் நிறுத்திவிட்டு, "அப்பா, ஒருக்காக்கூட நீங்கள் கத்தேல்லை" என்றாள். கதிர்காமநாதனுக்குக் கண் கலங்கிற்று. மிண்டின் காரம் என்றான்.

வென்றான், அவையோரே, வென்றான்! தடங்கள் மூன்றையும் வென்றவன் தன் நாவையும் வென்றான்! முரசங்கள் அதிர்க, சங்கங்கள் முழங்குக, பென்ரித் மாநகரத்து மரங்களிலுள்ள வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் எல்லாம் கூடிப் பல்லாண்டு பாடுக! வேகத்தை வேரறுத்த வீரவேந்தன், சிம்மாசனம் காத்த செம்மல், மகள் சிரிக்கக் கண்ட மாதவத்தோன், அதோ, சட்டையை இழுத்து நேராக்கி, நெஞ்சு நிமிர்த்தி, ஞானத்தின் திருவாசலை நோக்கிப் படியேறுகிறான், கதவின் பொற்பிடியிலே தன் பெருங்கையை வைக்கிறான்!

கதவு பூட்டியிருந்தது, உள்ளிருந்தவர்கள் அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.